நூற்றுப் பதினெட்டில் இரண்டு பேர்

புஷ்பமேரி எந்த மேடையிலும் ஏறியதில்லை. கொடி பிடித்ததில்லை. எங்கள் மில் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினர்கூடக் கிடையாது. இரண்டு தடவை விண்ணப்பப் படிவம் கொடுத்தேன். முதல் தடவை, படிவத்தில் ஏழாம் எண்ணுக்கு அடுத்து ஒன்பது வருகிறது என்று திருப்பிக் கொடுத்தாள். திருத்தி அச்சடித்துக் கொண்டுபோனேன். "இப்பச் சரியா இருக்குண்ணே" என்று சொல்லி அப்படியே மேசைமேல் வைத்துவிட்டாள்.

திண்டுக்கல் வட்டாரத்தில் ஒரு நூற்பாலைக்குள் அரசாங்க மருத்துவர்கள் நுழைந்ததைப் பற்றிப் பலரும் பலவிதமாகப் பேசுகிறார்கள். சங்கம் சாதித்தது என்று நாங்கள் துண்டறிக்கை போட்டோம். எழுதியவன் நான். அதில் அவள் பெயர் இல்லை. அது அயோக்கியத்தனம். அதைச் சரிசெய்யத்தான் இது.

திண்டுக்கல் நாகல் நகரில் வளர்ந்தவள். மதுரையில் புள்ளியியல் எம்.எஸ்சி. முடித்துவிட்டு 1994-இல் ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்தாள். ஏழு வருடமும் தற்காலிகம்தான். 2001-இல், மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று, தேர்ச்சி விகிதத்தை ஐம்பத்தெட்டிலிருந்து எழுபத்தொன்றாகப் போடச் சொன்னார்கள்.

"நூத்துக்குப் பதிமூணு பேரு கூட வேணும். எந்தப் பதிமூணுன்னு பேர் சொல்லுங்க சார், அவுங்க பேப்பரை மறுபடி திருத்திப் பாக்குறேன்" என்றாள்.

அடுத்த ஜூனில் அவளுக்கு வேலை இல்லை.

பிறகு கிதர் முகம்மது பாயின் கம்ப்யூட்டர் சென்டர். நாகல் நகர்க் கடைத்தெருவில் மாடியில் நான்கு கம்ப்யூட்டர். ஆராய்ச்சி மாணவர்கள் கொண்டுவரும் கணக்கீடுகளைப் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. மதுரையில் யாரோ கொடுத்த சி.டி.யில் 'ஆர்' என்றொரு மென்பொருள் இருந்தது. புள்ளிவிவரத்துக்கென்றே செய்தது, இலவசம். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. தப்புத் தப்பாக எழுதி, அது திட்டுவதைப் படித்துப் படித்தே கற்றுக்கொண்டாள்.

"ஆர்ல போட்டா நிமிசத்துல வந்துரும் பாய்."

"ஆருகிட்ட டீச்சர் போடப் போறீக?"

"அதுக்குப் பேரே ஆர்தான்."

"பேரு கேட்டா ஆருங்குது. நல்ல மெசினுதேன் போங்க."

2006 ஆகஸ்டில் நான் அவளைத் தேடிப் போனேன்.

பஞ்சு மில்லில், பேல் பஞ்சைப் பிரித்து உதறும் பிளோ ரூம், அதைச் சிக்கெடுத்துச் சீவும் கார்டிங் இரண்டிலும்தான் தூசி அதிகம் பறக்கும். அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் திங்கட்கிழமை நெஞ்சு இறுகும். ஞாயிறு ஒருநாள் தூசி இல்லாமல் இருந்த நுரையீரல், திங்களன்று மறுபடி தூசியைக் கண்டதும் முரண்டு பிடிக்கும். இது மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறது. மில் நிர்வாகத்தின் புத்தகத்தில் இதற்குப் பேர் 'பீடி இருமல்'. வாழ்நாளில் பீடியைத் தொடாத பெண்களுக்கும் பீடி இருமல்!

தொழிலாளர் துறை அதிகாரி ஒரே ஒரு வழிதான் விட்டார். நம்பத்தகுந்த ஒரு கணக்கெடுப்பைக் கொண்டுவாருங்கள். ஏற்றுக்கொண்டால் மருத்துவக் குழுவை மில்லுக்குள் அனுப்பி அந்த இரண்டு பகுதியில் இருக்கிற அத்தனை பேரையும் சோதிக்கச் சொல்கிறேன். இல்லையென்றால் கோப்பை மூடிவிடுவேன். பதினொரு வருடமாக நாங்கள் முட்டிக்கொண்டிருந்த கோப்பு அது. மூடினால் மூடியதுதான்.

மில்லுக்குள் எங்களை விடவில்லை. எதிரே டீக்கடையை ஒட்டி ஒரு அறை பிடித்தோம். மூச்சை அளக்கும் ஊதுமீட்டர் இரண்டு வாங்கினோம். ஆறு திங்கட்கிழமை. காலை ஷிப்டுக்குப் போகும்முன் ஒரு ஊது, வேலை முடிந்து வரும்போது ஒரு ஊது. ஆளுக்கு ஒரு சீட்டு. காலை அளவைவிட மாலை அளவு நூற்றுக்குப் பத்து குறைந்தால் பாதிப்பு என்று புஷ்பமேரி கோடு போட்டுக் கொடுத்தாள். அறையில் உட்கார்ந்து சீட்டு எழுதியவர்கள், அதே மில்லில் முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர்கள்.

மொத்தம் அறுபத்து நான்கு சீட்டு.

ஆரில் 'லிஸ்ட்' என்று ஒன்று உண்டு. மளிகைக் கடையில் பேர் ஒட்டிய டப்பாக்களை வரிசையாக அடுக்கியிருப்பதுபோல. ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு ஆளின் காலை மூச்சு, மாலை மூச்சு. டப்பாவின்மேல் சீட்டில் இருந்த, மில் கொடுத்த டோக்கன் நம்பர். 'லூப்' என்றால், ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, கழித்துப் பார்த்து, எழுதிவிட்டு அடுத்ததற்குப் போ என்று மெஷினுக்குக் கொடுக்கும் உத்தரவு.

முதல்முறை ஓட்டியபோது மெஷின் கத்தியது. 'சப்ஸ்கிரிப்ட் அவுட் ஆஃப் பவுண்ட்ஸ்' என்றது.

"என்னம்மா திட்டுது?" என்றேன்.

"நூத்திப் பதினெட்டைத் தொறன்னேன். அது நூத்திப் பதினெட்டாவது டப்பாவத் தேடுது. இருக்குறதே அறுவத்தி நாலு. நம்பரா நெனைக்காதடா, அதை ஒரு பேரா நெனைச்சுக்கன்னு சொல்லணும்."

டோக்கன் நம்பரைச் சுற்றி மேற்கோள் குறி போட்டாள். கத்தல் நின்றது. அறுபத்து நான்கு வரி சரசரவென்று வந்தது. எண்ணிப் பார்த்தாள். அறுபத்து நான்கு. இருபத்து மூன்று பேருக்குப் பாதிப்பு. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, நவம்பர் முதல் வாரம் விசாரணையில் கொடுத்தோம்.

மில் தரப்பில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு நிபுணரைக் கொண்டுவந்திருந்தார்கள். அவர் தாளை வாங்கி, சட்டைப் பையிலிருந்து பச்சை மைப் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக வட்டம் போட்டார். நிதானமாகப் போட்டார். பதினெட்டு வட்டம்.

"நூத்திப் பதினெட்டு. காலையில நானூத்திப் பத்து, சாயங்காலம் முந்நூத்தி எழுபது. அப்புறம் இங்க பாருங்க, மறுபடி நூத்திப் பதினெட்டு, மறுபடி நானூத்திப் பத்து, முந்நூத்தி எழுபது. இந்த மாதிரி ஒம்பது ஜோடிங்க. சங்கத்துக்காரங்க மூச்சையும் ஜெராக்ஸ் எடுப்பாங்க போலிருக்குதுங்க."

சிரித்தார்கள். மில் மேனேஜர் மேசையைத் தட்டியே சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. பத்து நாள் தவணை கொடுத்தார். "விளக்கம் இல்லைன்னா கோப்பை மூடிருவேன்" என்றார்.

வெளியே வந்ததும் நான் அவளைத் திட்டினேன். என்ன திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. கேட்டுக்கொண்டே நின்றாள்.

"முடிஞ்சுதாண்ணே? சீட்டுக் கட்டு எங்க இருக்கு?"

"சங்க ஆபீஸ்ல."

"வாங்க. பஸ்ஸுக்கு நிக்காம ஆட்டோவப் பிடிங்க."

அன்று மீதிப் பகல் முழுதும் பாய் கடையின் தரையில் அறுபத்து நான்கு சீட்டையும் பரப்பிவைத்துப் பார்த்தாள். பன்னிரண்டாவது சீட்டில் நூற்றுப் பதினெட்டு: 410, 370. ஐம்பத்து மூன்றாவது சீட்டிலும் நூற்றுப் பதினெட்டு. ஆனால் அதில் வேறு கையெழுத்து, வேறு தேதி, வேறு மூச்சு. 290, 215.

சீட்டுகள் பொய்யில்லை. யாரும் எதையும் நகல் எடுக்கவில்லை.

"அட மடச்சி!" என்று தன்னையே சொல்லிக்கொண்டாள். "ஒரே பேர்ல ரெண்டு டப்பா. பேரைச் சொல்லித் தொறன்னா அது முதல்ல இருக்குறதத்தான் தொறக்கும். ரெண்டாந் தடவை கேட்டாலும் அதே முதல் டப்பாதான். பின்னாடி இருக்குறத ஒரு தடவகூடத் தொட்டுப் பாக்கல."

"அப்பறம் ஏன் கத்தல?" என்றார் பாய்.

"தப்புன்னு அதுக்குத் தெரியாதே. மொதல்ல கத்துச்சு, வாய அடைச்சேன். அதுக்குப் பொறகு தைரியமாப் பொய் சொல்லிருக்கு. எண்ணிக்கை சரியா வந்துச்சுன்னு நானும் விட்டுட்டேன்."

ஒரே டோக்கனில் இரண்டு மனிதர்கள் எப்படி என்று அவள் கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நான்.

அந்த மில்லில் நிரந்தரத் தொழிலாளி விடுப்பு எடுத்தால், மேஸ்திரி வாசலில் நிற்கிற பதிலி ஆளைக் கூப்பிட்டு, விடுப்பு எடுத்தவரின் டோக்கனையே கையில் கொடுத்து உள்ளே அனுப்புவார். வருகைப் பதிவேடான மஸ்டரில் நூற்றுப் பதினெட்டு ஆஜர். யார் என்பது மஸ்டருக்குத் தேவையில்லை. மில்லுக்குள் பேர் கேட்டால் டோக்கன் நம்பரைத்தான் சொல்வார்கள். சீட்டு எழுதிய எங்கள் ஆட்களும் முப்பது வருடம் நம்பராகவே இருந்தவர்கள். "பேரு?" என்று கேட்பார்கள். "நூத்திப் பதினெட்டு" என்று பதில் வரும். அதுதான் பேர் என்று எழுதிவிட்டார்கள். யாருக்கும் உறுத்தவில்லை. பதிலிகள் கடைசி இரண்டு திங்கள்தான் துணிந்து ஊத வந்தார்கள். ஆகவே ஒன்பது பேரும் பின்னால் இருந்த டப்பாவில்.

இதில் வெட்கப்பட வேண்டியது மெஷின் இல்லை. எங்கள் சங்கத்தின் உறுப்பினர் நோட்டிலும் டோக்கன் நம்பர்தான். பதிலிகளை நாங்கள் உறுப்பினராகச் சேர்த்ததே இல்லை. மில் எண்ணாத ஆட்களை நாங்களும் எண்ணவில்லை.

"சரி, ரெண்டா வந்ததை அடிச்சுட்டா?" என்றேன்.

அடித்துக் காட்டினாள். அறுபத்து நான்கு, ஐம்பத்தைந்தாக ஆனது. பாதிப்பு பத்தொன்பது. பிறகு சீட்டு வரிசைப்படி ஒவ்வொன்றையும் கையாலேயே கழித்துப் போட்டாள். அறுபத்து நாலில் இருபத்தெட்டு. ஒன்பது பதிலிகளில் ஒன்பது பேருக்கும் மூச்சு விழுந்திருந்தது. மெஷினுக்கு அடியில் படுத்துக் கழிவுப் பஞ்சை இழுக்கும் வேலை அவர்களுக்குத்தான்.

"ஆருலயே ஒரு வழி இருக்கு" என்றாள். "ஒரே பேர் ரெண்டு தடவ வந்தா, ரெண்டாவதுக்குப் பின்னால அதுவே ஒரு புள்ளி ஒன்னு ஒட்டிரும். நூத்திப் பதினெட்டு, நூத்திப் பதினெட்டு புள்ளி ஒன்னு. லூப்பு ஓடிரும்."

"அப்பறம் என்ன, போடு" என்றேன். யாருடைய பேரும் வெளியே வராது. வேலைக்கு ஆபத்தில்லை. அது நல்ல யோசனையாகத்தான் எனக்குப் பட்டது.

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

"கோயம்புத்தூர்க்காரர் கேப்பாரு, இந்தப் புள்ளி ஒன்னு ஆருன்னு. என்ன சொல்லுவீங்க? அங்கதானே இருக்கு மொத்தக் களவாணித்தனமும். அதை நம்மளே புள்ளி வச்சு மூடணுமா? பேர் வேணும்ணே. ஆனா அவுங்களக் கேக்காம போட மாட்டேன்."

டோக்கன்காரர்களையும் சீட்டு எழுதியவர்களையும் விசாரித்து ஒன்பது பேரும் யார் என்று தெரிந்துகொண்டோம். நூற்றுப் பதினெட்டின் இரண்டாம் சீட்டு மாயக்காள். செம்பட்டிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவள். நாற்பது வயது. வாசலில் நிற்பாள், கூப்பிட்டால் உள்ளே, கூப்பிடாவிட்டால் அடுத்த பஸ். அவள் வீட்டுக்கே போனோம். முற்றத்தில் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள்.

"வா தாயி, வாங்க சங்கத்து அண்ணே. ஒம்பது வருசமா வாசல்ல நிக்கேன், இன்னைக்குத்தேன் ஒங்க கண்ணுல பட்டனா?"

புஷ்பமேரி எல்லாவற்றையும் சொன்னாள். பேர் போட்டால் மில் வேலைக்குக் கூப்பிடாமல் விடலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். சொல்லிவிட்டு அச்செடுத்த தாளைக் காட்டினாள்.

"இதுல நான் எங்குட்டு இருக்கேன்?"

"இல்ல. இது டோக்கன்காரரு கிறிஸ்துராஜ் அண்ணனோட மூச்சு. ரெண்டு தடவ இருக்கு."

மாயக்காள் அரிவாள்மனையை ஓரமாகத் தள்ளினாள்.

"அவரு டோக்கனு, அவரு இடம், அவரு கையுறை. இப்ப மூச்சும் அவரதா? இருமுறது நானு தாயி! போடு எம் பேர. முழுசாப் போடு. மாயக்காள், க.பெ. முத்துச்சாமின்னு போடு. மில்லுல கேட்டா நானே சொல்லிக்கிறேன்."

"வேலை போச்சுன்னா?"

"வேலைன்னு ஒன்னு இருந்தாத்தானே போறதுக்கு? நாந்தேன் அங்க இல்லவே இல்லையே."

செத்த நேரம் இருந்து சாப்பிட்டுப் போகச் சொன்னாள். புஷ்பமேரி சாப்பிட்டாள்.

ஒன்பது பேரையும் பார்த்தோம். ஏழு பேர் சரி என்றார்கள். இரண்டு பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். வேண்டாம் என்றார்கள். நான் வாதாடப் பார்த்தேன். புஷ்பமேரி என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

கடைக்கு வந்து அறுபத்து நான்கு டப்பாவிலும் டோக்கன் நம்பரைக் கிழித்து எறிந்துவிட்டு ஆட்களின் பேரை ஒட்டினாள். இரண்டு டப்பாவில் மட்டும் பேர் இல்லை. லூப்பை ஓட்டினாள். மறுபடி கத்தியது. இந்தத் தடவை 'ஆர்க்யுமென்ட் இஸ் ஆஃப் லெங்த் ஜீரோ', கைக்கு எதுவும் வரவில்லை என்று.

"பேரில்லாத டப்பாவை அதுக்குத் தொறக்கத் தெரியல" என்றாள்.

"அப்ப அந்த ரெண்ட விட்டுருங்க டீச்சர். அவுகளே வேணாம்னுட்டாக" என்றார் பாய்.

"பேருதான் வேணாம்னாங்க பாய். மூச்சு வேணாம்னு சொல்லல."

உத்தரவையே மாற்றி எழுதினாள். பேரைச் சொல்லித் தேடாதே. முதல் டப்பாவிலிருந்து கடைசி டப்பா வரை இருக்கிற வரிசையில் கைவைத்துக்கொண்டே போ. திறந்து கழித்த பிறகு, மேலே பேர் இருந்தால் பக்கத்தில் எழுது, இல்லையென்றால் அந்த இடத்தை வெறுமனே விடு. அவ்வளவுதான் மாற்றம். இரண்டே வரி. அறுபத்து நான்கும் வந்தன. ஒன்றுபோல் ஒன்று இல்லை. இருபத்தெட்டு. இந்தத் தடவை அவள் எண்ணிக்கையை நம்பவில்லை. ஒவ்வொரு வரியையும் சீட்டோடு வைத்து நானும் பாயும் உரக்கப் படிக்க, அவள் டிக் அடித்தாள்.

பத்தாம் நாள் விசாரணை. அதிகாரி கேட்பதற்கு முன்னாலேயே புஷ்பமேரி எழுந்தாள்.

"போன தடவ குடுத்த தாள் தப்பு. நான் எழுதுன புரோகிராம்ல தப்பு. இந்த இடத்துல, இப்படி." தப்பான வரியையும் திருத்திய வரியையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். "சீட்டுல தப்பில்ல. இந்தா அறுவத்தி நாலும்."

நிபுணர் வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அந்த மனிதரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புரோகிராமைப் பற்றி அதன்பின் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

மேனேஜர் விடவில்லை. "மாயக்காள்னு யாரும் எங்க மில்லுல இல்லைங்க சார். மஸ்டரைப் பாருங்க. அக்டோபர் ஒம்பதாந்தேதி நூத்திப் பதினெட்டு, கிறிஸ்துராஜ், ஆஜர்."

பின்வரிசையில் கிறிஸ்துராஜ் உட்கார்ந்திருந்தார். கார்டிங்கில் இருபத்தாறு வருடம். அதிகம் பேசாத மனிதர். எழுந்து வந்து ஒரு காகிதத்தை மேசையில் வைத்தார். இ.எஸ்.ஐ. மருந்தகத்தின் விடுப்புச் சீட்டு. அக்டோபர் ஏழு முதல் பதினொன்று வரை.

"ஒம்பதாந்தேதி நான் காச்சல்ல கெடந்தேன் சார். இந்தா முத்திரை. மில்லுக்கும் ஒரு காப்பி குடுத்திருக்கேன். நான் ஆஜர்னா அன்னைக்கு உள்ள போனது ஆரு? என் ஆவியா?"

"ஏலே கிறிஸ்துராஜு!" என்றார் மேனேஜர், தன்னையும் மறந்து.

"இங்கிட்டு ஏலே கெடையாது சார். ஆபீசரு இருக்காரு."

மாயக்காள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அதிகாரி அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். எந்த மெஷின், எந்த மேஸ்திரி, எந்தப் பக்கம் கழிவு விழும் என்று வரிசையாகச் சொன்னாள். நடுவில் இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு, "இது பீடி இல்ல சார்" என்றாள்.

மஸ்டர் பொய் என்று சொன்னால் மில்லுக்கு ஒரு வழக்கு. மஸ்டர் உண்மை என்றால் காய்ச்சலில் கிடந்த மனிதன் கார்டிங்கில் நின்றிருக்க வேண்டும். மேனேஜர் பக்கத்திலிருந்த மில் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் ஜன்னலைப் பார்த்தார். அதிகாரி கணக்கெடுப்பை ஏற்றுக்கொள்வதாக எழுதினார். சோதனைக்கு வரும் பட்டியல் மஸ்டர் அல்ல, புஷ்பமேரியின் தாள் என்றும் எழுதினார்.

இதை வெற்றி என்று அன்றே துண்டறிக்கை அடித்தேன். அடுத்த திங்கட்கிழமை ஏழு பதிலிகளையும் மேஸ்திரி கூப்பிடவில்லை. எட்டு வாரம் கூப்பிடவில்லை. எட்டு வாரமும் காலை ஆறரைக்கு ஏழு பேரும் வாசலில் வந்து நின்றார்கள். கிறிஸ்துராஜும் மற்ற டோக்கன்காரர்களும் ஷிப்டுக்குப் போகும்போது ஒவ்வொருவர் பேரையும் உரக்கச் சொல்லி வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள். செக்யூரிட்டி எரிச்சலில் தலையைத் திருப்பிக்கொள்வான். அவனுக்கும் எட்டு வாரத்தில் ஏழு பேரும் மனப்பாடம்.

2007 ஜனவரிக் கடைசியில் மருத்துவக் குழு வந்தது. மில் முற்றத்தில் மேசை போட்டு, ஒரு லேடி டாக்டர் தாளைப் பார்த்துப் பேர் கூப்பிட்டார். அந்த முற்றத்தில் அதுவரை நம்பர்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். புஷ்பமேரியை உள்ளே விட மறுத்தார்கள். சீட்டுக் கட்டு இல்லாமல் பட்டியலைச் சரிபார்க்க முடியாது என்று டாக்டர் சொன்ன பிறகு விட்டார்கள்.

"மாயக்காள்!"

"இந்தா வாரேன்" என்று வாசலுக்கு வெளியிலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே வந்தாள்.

அறுபத்து இரண்டு பேர் முடிந்தது. டாக்டர் தாளைத் தூக்கிப் பார்த்தார்.

"ரெண்டு வரியில மூச்சு இருக்கு, பேர் இல்லையே. யாரும்மா இது?"

"அவுங்களா சொன்னாத்தான் மேடம். நான் சொல்ல மாட்டேன்" என்றாள் புஷ்பமேரி.

டாக்டர் கோபப்படுவார் என்று நினைத்தேன். மில்காரர்கள் அந்த இரண்டு வரியை அடிக்கச் சொன்னார்கள். புஷ்பமேரி தாளின்மேல் கையை வைத்துக்கொண்டாள். "அடிக்கணும்னா ஆபீசரு எழுதிக் குடுக்கட்டும்" என்றாள். டாக்டர் அடிக்கவில்லை. பிறகு பிளோ ரூம் பக்கமிருந்து ஒரு பெண் முந்தானையால் முகத்துப் பஞ்சைத் துடைத்தபடி வந்து மேசைமுன் நின்றாள்.

"அன்னாள்" என்றாள். "கீரனூரு. எழுதிக்கிடுங்க."

கழிவு இழுக்கிற வேலை முகமூடியோடும் உறிஞ்சு குழாயோடும்தான் என்று பிறகு உத்தரவு வந்தது. பதிலிகளுக்குத் தனிப் பதிவேடு வந்தது. அதில் பேர் முதலில், நம்பர் இரண்டாவது. மாயக்காளுக்கு மூச்சு திரும்பி வரவில்லை. போனது போனதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் அந்த மில்லில் இன்னும் இரண்டு வருடம் இருந்தாள், தன் பேரில்.

இன்னொரு வரி இன்றுவரை வெறுமனேதான் இருக்கிறது. மாலை மூச்சு நூற்று எண்பது. யாருடையது என்று புஷ்பமேரிக்கும் எனக்கும் தெரியும். அந்தப் பெண் வரவில்லை. அவள் வராததற்கு அவளுக்குக் காரணம் இருந்தது. அது யாருடைய மூச்சு என்று கேட்டு மில்லிலிருந்து ஆள் அனுப்பினார்கள், வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்கள். புஷ்பமேரி ஒரே பதிலைத்தான் ஒவ்வொரு தடவையும் எழுதி அனுப்பினாள்: 'அறுபத்து நான்கு பேர் ஊதினார்கள். அறுபத்து நான்கும் கணக்கில் உண்டு.'